சுடோகு முட்டி நிற்கும்போது

கடினமான சுடோகு எடுத்த எடுப்பில் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. முதல் ஏழெட்டு எண்கள் தாமாக வந்து விழும். ‘இதையா கடினம் என்று போட்டிருக்கிறார்கள்?’ என்று ஓர் இளக்காரம்கூட வரும். அப்புறம் திடீரென்று எல்லாம் நின்றுபோகும். எந்தக் கட்டத்தைப் பார்த்தாலும் மூன்று எண் வரலாம், நான்கு எண் வரலாம் என்றிருக்கும். பார்த்த மூலையையே மறுபடி பார்ப்போம். காபி ஆறிப்போகும். கடைசியில் தாளை மடித்து வைத்துவிடுவோம். இல்லையென்றால் குத்துமதிப்பாக ஓர் எண்ணைப் போட்டு, கால்மணி நேரம் கழித்து ஒரே வரிசையில் இரண்டு 6 நிற்பதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வோம்.

இப்படி முட்டி நிற்கும் நேரத்தில் நடப்பது என்ன என்பதைக் கணிதக்காரர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள், உளவியல்காரர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். இரு தரப்பு முடிவுகளையும் சேர்த்துப் படித்தால் ஒன்று புரிகிறது. நாம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பதிலோ வேறொரு கேள்விக்குக் காத்திருக்கிறது.

வயலில் வளர்ந்த சதுரம்

விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். 81 கட்டங்கள். பள்ளிக்கூட அணிக் கணக்கில் சொல்வதுபோல் குறுக்கே போவது நிரை, மேலிருந்து கீழே வருவது நிரல். மூன்றுக்கு மூன்றாக 9 பெட்டிகள். ஒவ்வொரு நிரையிலும், நிரலிலும், பெட்டியிலும் 1 முதல் 9 வரை ஒவ்வோர் எண்ணும் ஒரே ஒரு முறை வரவேண்டும். கூட்டல் கழித்தல் எதுவும் கிடையாது. எண்களுக்குப் பதிலாக க, ச, ட, த என்று ஒன்பது எழுத்துகளைப் போட்டாலும் புதிர் அதேதான். கணக்கு வராது என்று ஒதுங்குகிறவர்கள் இதற்காக ஒதுங்க வேண்டியதே இல்லை.

பெட்டி விதியை எடுத்துவிட்டால் எஞ்சுவது லத்தீன் சதுரம். அதற்கு ஆய்வு வயல்களில் நல்ல வேலை உண்டு. நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு எளிதில் விளங்கும் விஷயம் இது. நாகர்கோவில் பக்கத்துத் திருப்பதிசாரம் வேளாண் ஆராய்ச்சி நிலையம் தந்த நெல் ரகங்கள் டி.பி.எஸ். என்ற எழுத்துகளோடு வழங்குகின்றன. ஒரு வயலில் ஐந்து ரகங்களை ஒப்பிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வாய்க்கால் பக்கம் ஈரம் அதிகம், மேட்டுப் பக்கம் குறைவு. இந்த ஓரம் வண்டல், அந்த ஓரம் மணல். ஒரு ரகம் நல்ல மூலையில் விழுந்துவிட்டால் விளைச்சல் ரகத்தால் வந்ததா, மண்ணால் வந்ததா என்று சொல்ல முடியாது. எனவே வயலை ஐந்துக்கு ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொரு ரகமும் ஒவ்வொரு நிரையிலும் நிரலிலும் ஒருமுறை வரும்படி நட வேண்டும். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் நிலையத்தில் வேலை பார்த்த ரொனால்ட் ஃபிஷர் 1920-களில் இந்த முறையை ஊன்றச் செய்தார்.

பெட்டி விதியையும் சேர்த்து இன்றைய புதிரை உருவாக்கியவர் ஹோவர்ட் கார்ன்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். அது 1979-ல் டெல் நிறுவனத்தின் புதிர் இதழில் வந்தது. 1984-ல் ஜப்பானின் நிகோலி பதிப்பகம் அதை எடுத்துக்கொண்டது. ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற வேய்ன் கூல்ட், சுடோகு தயாரிக்கும் மென்பொருள் எழுதி 2004-ல் லண்டன் ‘தி டைம்ஸ்’ இதழுக்குக் கொண்டுபோனார். அப்புறம் உலகமெங்கும் பரவியது. 2017-ன் உலக சுடோகு சாம்பியன் போட்டி நம் பக்கத்துப் பெங்களூரில்தான் நடந்தது.

முழுதும் நிரப்பிய சுடோகு சதுரங்கள் மொத்தம் எத்தனை இருக்க முடியும் என்று பெர்ட்ராம் ஃபெல்கன்ஹவர், ஃப்ரேஸர் ஜார்விஸ் இருவரும் 2005-ல் கணக்கிட்டார்கள். வந்த விடை 22 இலக்க எண்: 6,670,903,752,021,072,936,960. ஒரே விடை வரவேண்டுமானால் குறைந்தது எத்தனை எண்களைக் கொடுக்க வேண்டும்? 17. பதினாறு போதவே போதாது என்று டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் கேரி மெக்குவைர் குழு கணினியை நீண்ட காலம் ஓட்டி 2012-ல் காட்டியது. அதற்காகக் கொடுத்த எண் குறைந்தால் புதிர் கடினம் என்று எண்ண வேண்டாம். 17 எண் புதிர்கள் பலவற்றை எளிதில் முடித்துவிடலாம். 23 எண் கொடுத்தும் ஆளைத் திணறடிக்கும் புதிர்கள் உண்டு. எண்கள் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்பதுதான் கடினத்தைத் தீர்மானிக்கிறது.

பழகிய வழி மறைப்பது

1942-ல் ஏப்ரகாம் லூச்சின்ஸ் என்ற உளவியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். மூன்று குடங்கள்: 21, 127, 3 அளவு கொள்பவை. இவற்றை வைத்துச் சரியாக 100 அளவு தண்ணீர் எடுக்க வேண்டும். 127-லிருந்து 21 ஒருமுறை, 3 இரண்டு முறை ஊற்றி வெளியேற்றினால் 100. இதே வழியில் தீரும் கணக்குகளை அடுத்தடுத்துக் கொடுத்தார். பிறகு 23, 49, 3 என்ற குடங்களைக் கொடுத்து 20 எடுக்கச் சொன்னார். பழகியவர்களில் பெரும்பாலோர் 49-லிருந்து 23, அப்புறம் 3, 3 என்று பழைய பாதையிலேயே போனார்கள். 23-லிருந்து 3-ஐ எடுத்தாலே 20 என்பது அவர்கள் கண்ணில் படவில்லை. முன்கணக்குகளைப் போடாமல் நேராக இதற்கு வந்தவர்கள் குறுக்குவழியைச் சட்டென்று பிடித்தார்கள்.

தேர்ந்தவர்களும் இதற்குத் தப்பவில்லை. மெரிம் பிலாலிச், பீட்டர் மெக்லியோட், ஃபெர்னாண்ட் கோபெ மூவரும் 2008-ல் சதுரங்க வல்லுநர்களை வைத்துச் சோதித்தார்கள். காட்டிய நிலையில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வெற்றி வழி இருந்தது. அதைவிடக் குறுகிய இன்னொன்றும் இருந்தது. பழகிய வழியைக் கண்டவர்களிடம் இதைவிட நல்லது இருக்கிறதா என்று கேட்டபோது, தேடிக்கொண்டிருப்பதாகவே சொன்னார்கள். கண்ணசைவைப் பதிவுசெய்த கருவியோ, பார்வை பழைய வழியின் கட்டங்களையே சுற்றிச் சுற்றி வந்ததைக் காட்டியது. அவர்கள் பொய் சொல்லவில்லை. தேடுகிறோம் என்றே நம்பியிருக்கிறார்கள்.

சுடோகுவில் நமக்கும் இதேதான். ‘இந்தக் கட்டத்தில் எந்த எண் வரும்?’ என்ற கேள்வி முதல் பத்து நிமிடம் பலன் தந்துவிடுகிறது. அதன்பின் பலன் தராதபோதும் கண் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறது.

கேள்வியைத் திருப்பிப் போடுவது

முதல் மாற்றம்: கட்டத்தை விட்டுவிட்டு எண்ணைப் பிடிப்பது. ‘இந்தப் பெட்டியில் 5 எங்கே உட்கார முடியும்?’ ஒரு கட்டத்தில் 2, 5, 7, 8 என்று நான்கு எண்களுக்கு வாய்ப்பு இருக்கலாம். கட்டத்தைப் பார்த்துக் கேட்டால் நான்கு நாள் ஆனாலும் முடிவு வராது. ஆனால் அந்தப் பெட்டியின் மற்ற எந்தக் கட்டத்திலும் 5 வர வழியில்லை என்றால், இங்கே 5 என்பது உறுதி. விடை நான்கு எண்களுக்குள் ஒளிந்திருந்தது, அவ்வளவுதான். 1 முதல் 9 வரை ஒவ்வோர் எண்ணாக எடுத்து ஒன்பது பெட்டிகளிலும் இதைக் கேட்டுப் பார்ப்பது சலிப்பான வேலை. பாதி முடிச்சுகள் இதிலேயே அவிழும்.

அதுவும் நின்றுவிட்டால் பென்சிலை எடுக்க வேண்டும். ஒவ்வொரு காலிக் கட்டத்திலும் வரக்கூடிய எல்லா எண்களையும் சிறிதாக எழுதிவிட வேண்டும். மனத்திலேயே வைத்துக்கொள்கிறேன் என்பது வீறாப்பு. ஒரு நேரத்தில் மனம் பிடித்துவைத்திருக்கக் கூடியவை ஏறத்தாழ நான்கு விஷயங்கள்தான் என்று நெல்சன் கோவன் 2001-ல் ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார். ஐம்பது கட்டத்துக்கு மூன்று மூன்று வாய்ப்பு என்றால் நூற்றைம்பது. தாளில் எழுதிவிட்டால் நினைவு வைக்கும் வேலை தாளுக்குப் போகிறது. யோசிக்கும் வேலைக்கு மூளை மிஞ்சுகிறது.

இப்போது இரண்டாவது மாற்றம்: இரண்டு அமைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தைப் பார்ப்பது. இதை விளக்கப் பத்மநாபபுரத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த இந்த ஊர், 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தோடு தமிழ்நாட்டுக்கு வந்தது. ஆனால் தக்கலைக்கு அருகே, கல்குளம் வட்டத்தில் நிற்கும் அரண்மனையைப் பராமரிப்பது இன்றும் கேரளத் தொல்லியல் துறை. மண் ஒரு மாநிலத்தின் கணக்கில், மாளிகை இன்னொன்றின் கணக்கில். சுடோகுவின் ஒவ்வொரு கட்டமும் இப்படித்தான், ஒரே நேரத்தில் பெட்டிக்கும் சொந்தம், நிரைக்கும் சொந்தம், நிரலுக்கும் சொந்தம். ஒரு கணக்கில் தெரிந்த செய்தி இன்னொரு கணக்கிலும் செல்லுபடியாகும்.

நடுப் பெட்டியில் 4 வரக்கூடிய கட்டங்கள் இரண்டுதான், இரண்டும் 5-ஆம் நிரையில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டில் எது என்று தெரியாது. தெரியவும் வேண்டாம். பெட்டியின் 4 எப்படியும் 5-ஆம் நிரையில்தான் விழும்; எனவே அந்த நிரையின் மற்ற ஆறு கட்டங்களிலும் 4-ஐ அடித்துவிடலாம். எந்த எண்ணையும் நிரப்பவில்லை, ஆனாலும் முன்னேறிவிட்டோம். கடினமான சுடோகுவில் பழகிக்கொள்ள வேண்டியது இதுதான். ‘என்ன வரும்’ என்பதைவிட ‘என்ன வராது’ என்பதே அங்கே பெரிய வரவு.

மூன்றாவது, ஜோடிகள். ஒரு நிரையில் இரண்டு கட்டங்களிலும் 2, 6 என்ற இரண்டு வாய்ப்புகள் மட்டும் இருந்தால், அவை இரண்டும் அந்த இரண்டு கட்டங்களுக்குள் அடங்கிவிட்டன. யார் எங்கே என்பது பிறகு தெரியட்டும். நிரையின் மற்ற இடங்களில் 2-க்கும் 6-க்கும் வேலையில்லை.

நான்காவதற்கு வெளிநாட்டுப் புதிர்க்காரர்கள் எக்ஸ்-விங் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 2-ஆம் நிரையில் 7 வரக்கூடிய இடங்கள் 3-ஆம் நிரலும் 8-ஆம் நிரலும் மட்டுமே. 6-ஆம் நிரையிலும் அதே இரண்டு நிரல்கள்தான். இப்போது மேலே 7 மூன்றாம் நிரலில் விழுந்தால் கீழே எட்டாம் நிரலில் விழுந்தாக வேண்டும், மாறினால் மாறும். எப்படி விழுந்தாலும் அந்த இரண்டு நிரல்களின் 7-களும் இந்த நான்கு மூலைகளுக்குள் முடிந்துபோகின்றன. ஆகவே இரண்டு நிரல்களிலும் மற்ற இடங்களில் உள்ள 7-ஐ எல்லாம் அடித்துவிடலாம். ஒரு பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு இது ஒருநாளும் தெரியாது. சதுரத்தை முழுதாக, ஓர் எண்ணுக்காக மட்டும் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொரு தந்திரம் உண்டு. அது புதிரைவிடப் புதிர் போட்டவரைப் பற்றியது. முறையான சுடோகுவுக்கு ஒரே ஒரு விடைதான் உண்டு. இரண்டு நிரைகள், இரண்டு நிரல்கள், இரண்டே பெட்டிகளுக்குள் செவ்வகமாக அமைந்த நான்கு காலிக் கட்டங்கள். மூன்றில் 2, 7 மட்டும். நான்காவதில் 2, 7, 9. நான்காவதிலும் 2 அல்லது 7 விழுந்தால், நான்கு மூலைகளிலும் 2-ஐயும் 7-ஐயும் இடம் மாற்றிப் போட்டாலும் எந்த விதியும் மீறப்படாது. அப்படியானால் விடை இரண்டாகிவிடும். அது கூடாது, எனவே அங்கே 9. ஒரே விடை உண்டு என்ற உறுதி இல்லாத புதிரில் மட்டும் இதைக் கையாளக் கூடாது.

எதுவும் எடுபடாத புதிர்

இவையெல்லாம் தோற்கும் புதிர்களும் இருக்கின்றன. பின்லாந்துக் கணிதவியலாளர் ஆர்ட்டோ இன்காலா 2012-ல் வெளியிட்ட சுடோகுவை உலகிலேயே கடினமானது என்று பத்திரிகைகள் கொண்டாடின. அதில் கொடுக்கப்பட்ட எண்கள் 21, காலிக் கட்டங்கள் 60. அறுபதையும் எண்ணிப் பார்த்தால், ஒரே எண்ணுக்கு மட்டும் வாய்ப்புள்ள கட்டம் ஒன்றுகூட இல்லை. இரண்டு எண்களுக்கு மட்டும் வாய்ப்புள்ள கட்டம் ஒன்றே ஒன்று: 8-ஆம் நிரையும் 7-ஆம் நிரலும் சந்திக்கும் இடம். அந்த நிரையில் 8, 5, 1 இருக்கின்றன. நிரலில் 2, 7, 4. பெட்டியில் 6, 8, 1, 4. எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது 3-ம் 9-ம். மற்ற 59 கட்டங்களிலும் மூன்று முதல் ஏழு வரை வாய்ப்புகள் மண்டிக்கிடக்கின்றன.

இப்படிப்பட்ட இடத்தில் ஊகம் தவறில்லை. முறையற்ற ஊகம்தான் தவறு. வாய்ப்பு மிகக் குறைந்த கட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தாளை நகல் எடுத்துக்கொண்டோ வேறு நிறப் பென்சிலிலோ ‘3 என்றால் என்ன ஆகும்’ என்று தொடர வேண்டும். எங்காவது ஒரு கட்டத்துக்கு எண்ணே இல்லாமல் போனாலோ, ஓர் எண்ணுக்கு இடமே இல்லாமல் போனாலோ, 3 பொய் என்பது நிரூபணம் ஆகிவிட்டது. 9-ஐப் பேனாவால் எழுதலாம். இன்காலாவின் புதிரில் விடை 9-தான். ஆனால் 3-ஐப் பொய்யாக்கும் சங்கிலி நீளமானது. நடுவில் மறுபடி ஓர் ஊகம், அதற்குள் இன்னோர் ஊகம் என்று கிளைவிடும். குத்துமதிப்பாகப் போட்டவருக்கு மோதல் வந்தால் எந்த எண் தப்பு என்று தெரியாது. தொடங்கிய இடத்தைக் குறித்து வைத்தவருக்கு மோதலே தகவல்.

கணினி செய்வதும் இதையேதான். கூகுளில் ஆராய்ச்சி இயக்குநராக இருந்த பீட்டர் நார்விக் எழுதிய புகழ்பெற்ற சிறு மென்பொருள் முதலில் கழிக்க வேண்டியவற்றைக் கழிக்கிறது. நின்றுவிட்டால் வாய்ப்பு குறைந்த கட்டத்தை எடுத்து ஊகிக்கிறது. டொனால்ட் க்னூத் 2000-ல் விவரித்த ‘ஆடும் இணைப்புகள்’ என்ற முறை, ஊகத்தைப் போட்ட வேகத்தில் திரும்ப எடுக்கவும் வழி செய்கிறது. நமக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தின்னும் புதிர் அவற்றுக்குக் கண்ணிமைக்கும் வேலை. ஆனாலும் சதுரத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் கணினியும் மூச்சு வாங்கும். எல்லா அளவு சுடோகுவையும் விரைவாகத் தீர்க்கும் பொதுவழி எதையும் இன்றுவரை யாரும் கண்டதில்லை. கணினியியலில் மிகக் கடினமானவை என்று வகைப்படுத்தப்பட்ட கணக்குகளோடு இதுவும் சேர்ந்தது என்பதை ஜப்பானின் தகயூகி யாட்டோ, தகாஹிரோ செட்டா இருவரும் 2003-ல் காட்டினார்கள்.

177 ஆண்டுகள் முட்டி நின்ற சதுரம்

கேள்வியை மாற்றியதால் முடிச்சு அவிழ்ந்த பெரிய கதை ஒன்று இந்தச் சதுரக் குடும்பத்திலேயே இருக்கிறது. அதில் இந்தியர்களுக்கும் சென்னைக்கும் பங்கு உண்டு. ஆறு படைப்பிரிவுகள், ஆறு பதவிகள், ஆக 36 அதிகாரிகள். ஒவ்வொரு நிரையிலும் நிரலிலும் எல்லாப் பிரிவும் எல்லாப் பதவியும் ஒருமுறை வரும்படி அவர்களை ஆறுக்கு ஆறாக நிறுத்த முடியுமா? முடியாது என்று லெயோனார்ட் ஆய்லர் 1782-ல் எழுதினார். 10, 14, 18 என்று நான்கு நான்காகக் கூடும் அளவுகளிலும் முடியாது என்று ஊகித்தார். ஆறுக்கு அவர் சொன்னது சரி என்று பிரான்ஸின் காஸ்தோன் தாரி 1900-ஐ ஒட்டிக் கையால் சரிபார்த்துக் காட்டினார். மற்றவை அப்படியே கிடந்தன.

1959-ல் ராஜ் சந்திர போஸ், சரத்சந்திர ஸ்ரீகண்டே, அவர்களோடு அமெரிக்கர் இ.டி. பார்க்கர் ஆகிய மூவரும் ஆய்லரின் ஊகத்தை உடைத்தார்கள். கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தில் வேலை பார்த்தவர் போஸ்; வயல் ஆய்வுகளுக்கான திட்ட அமைப்புகளில் ஊறியவர். கட்டம் கட்டமாக நிரப்பிப் பார்க்கும் வேலையில் அவர்கள் இறங்கவில்லை. சிறிய அமைப்புகளை எப்படிக் கோத்தால் பெரிய சதுரம் தானாக அமையும் என்று கேட்டார்கள். 22 அளவுக்குப் போஸும் ஸ்ரீகண்டேயும், 10 அளவுக்குப் பார்க்கரும் சதுரம் அமைத்தார்கள். அந்த ஆண்டு ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி வந்தது. 2-ஐயும் 6-ஐயும் தவிர எல்லா அளவுக்கும் இத்தகைய சதுரம் உண்டு என்று பின்னர் மூவரும் நிறுவினார்கள்.

ஆறு மட்டும் முடியாததாகவே இருந்தது. ஓர் அதிகாரி ஒரே நேரத்தில் பல பிரிவுகளின், பல பதவிகளின் கலவையாக இருக்கலாம் என்று குவாண்டம் விதிகளை அனுமதித்தால்? சென்னை ஐ.ஐ.டி.யின் சுஹைல் அகமது ராதர், அருள் லட்சுமிநாராயணன் ஆகியோரும் போலந்து ஆய்வாளர்களும் சேர்ந்து, அப்படியொரு விடை இருப்பதை 2022-ல் வெளியிட்டார்கள். அவர்கள் கணினி முறை, சரியாக அமையாவிட்டாலும் சரிக்கு நெருக்கமான ஒரு சாதாரணச் சதுரத்திலிருந்து தொடங்கி, படிப்படியாகத் திருத்திக்கொண்டே போய் விடையை எட்டியது. குவாண்டம் கணினிகளில் தகவல் கெடாமல் காக்கும் குறிமுறைகளுக்கு இது பயன்படக்கூடியது.

எழுந்து போவதும் ஒரு முறை

எல்லாம் செய்தும் நகரவில்லை என்றால்? புதிரை வைத்துவிட்டுக் குளிக்கப் போகலாம், கடைக்குப் போகலாம். இது சோம்பேறியின் சாக்கு அல்ல. இடைவெளி விட்டுத் திரும்புவது பலன் தருகிறதா என்று பார்த்த 117 ஆய்வுகளை ஊட் நா சியோ, தாமஸ் ஓர்மராட் இருவரும் 2009-ல் தொகுத்து அலசினார்கள். பொதுவாகப் பலன் உண்டு என்பதே முடிவு. விலகி இருக்கும் நேரத்தில் பழைய பாதையின் பிடி தளர்கிறது, திரும்பி வரும் கண் வேறு மூலையில் தொடங்குகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று.

அதே அலசலில் இன்னொரு செய்தியும் இருக்கிறது: இடைவெளிக்கு முன் கணக்கோடு நீண்ட நேரம் மல்லுக்கட்டியவர்களுக்கே பலன் அதிகம். ஆகவே எழுந்து போகுமுன் செய்ய வேண்டியது இரண்டு. பென்சில் குறிகளை ஒரு கட்டமும் விடாமல் எழுதி முடிப்பது. எழுதியவற்றில் அடிக்கப்பட வேண்டியது எதுவும் அடிபடாமல் நிற்கிறதா என்று நிரை நிரையாகச் சரிபார்ப்பது. பல முட்டுகள் இந்த இரண்டாவதிலேயே, எழுந்திருக்கத் தேவையில்லாமலே, விடுபட்டுவிடும். விடுபடாதவற்றுக்கு அரைமணி நடை கைகொடுக்கும். குறிகளை எழுதாமல் எழுந்து போனால் கிடைப்பது ஓய்வு மட்டும்தான்.